விதைப் பைக்கு ஒளி தந்த மெங் ருய்லான் அம்மையாருக்கு

அருமண் உலோகங்களின் அகம் அறிந்த அம்மையீர்! கண்ணுக்குப் புலப்படாத கதிரைக் கண்டுகளிக்கும் நிறமாக்கிக் கழனிக்காரர் கையில் கொடுத்த கலைச்செல்வியே! பொய்க்கு முன் நிமிர்ந்தும் மெய்க்கு முன் பணிந்தும் நின்ற பெருந்தகையே! வடகிழக்குச் சீனத்துச் சாங்சுன் நகரத்துப் பனியிலும் பணியிலும் முப்பத்து நான்கு ஆண்டுகள் எம்மோடு உறைந்தும் உருகியும் வாழ்ந்த எங்கள் மெங் ஆசிரியையே! தாங்கள் ஓய்வு பெறும் இந்நாளில் தங்களை வணங்கி, தங்களோடு பணியாற்றிய நாங்கள் இம்மடலை இந்த மன்றத்தில் படிக்கிறோம்.

அடைமொழி கண்டால் அடித்துத் திருத்தும் தங்கள் சிவப்புப் பென்சில் இன்று தங்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது என்பதை உறுதி செய்துகொண்ட பின்னரே மேலே கண்ட வரிகளை எழுதத் துணிந்தோம். மாணவர் ஒருவர் தம் கட்டுரையில் "மிகச் சிறந்த ஒளிர்வு" என்று எழுதியபோது, "சிறந்தது யாருக்கு? எதைக் காட்டிலும்? எத்தனை பங்கு?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பியவர் தாங்கள். ஆதலால் இனிப் புகழ்ச்சியைச் சுருக்கி, நடந்ததைச் சொல்கிறோம். தங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆயினும் நம் ஆய்வுக்கூடத்தில் புதிதாய்ச் சேர்ந்தோர் பலர் அதை அரைகுறையாகவே கேட்டிருக்கிறார்கள். முழுவதுமாக அவர்கள் கேட்கும் நாள் இதுவே.

ஓர் உலோக அணுவைக் கரிம மூலக்கூறுகள் கைகோத்துச் சூழ்ந்து நிற்பதே நம் தொழிலின் முதலும் முடிவும். பார்வைக்கு அது வெறும் வெள்ளைத் தூள். புற ஊதா விளக்கை அதன்மேல் காட்டினால், சூழ்ந்து நிற்பவை ஒளியை வாங்கி நடுவே நிற்கும் உலோகத்திடம் ஒப்படைக்க, உலோகம் அதைச் செம்மையாகவோ பசுமையாகவோ திருப்பித் தரும். யூரோப்பியம் என்னும் அருமண்ணைக் கொண்டு தாங்கள் சமைத்த மை, மழையில் நனைந்தும் வெயிலில் கிடந்தும் நிறம் குன்றாத மை. மாகாணத்தின் பெரிய விதை நிறுவனம் ஒன்று அதைத் தன் மக்காச்சோள விதைப் பைகளில் அச்சிட்டது. பையோடு சட்டைப் பையில் அடங்கும் ஒரு விளக்கையும் கொடுத்தது. "விளக்கில் சிவந்தால் விதை அசல்" என்று ஒவ்வொரு பையிலும் எழுதியிருந்தது. அந்த ஒப்பந்தத்தால் நம் கூடம் மூன்றாம் மாடியில் கிழக்குப் பார்த்த அறைகளைப் பெற்றது; புதிய கருவிகள் வந்தன. தாங்களும் மை செய்த முறையை அறிவியல் இதழில் ஒளிவுமறைவின்றி எழுதி வெளியிட்டீர்கள்.

நான்கு ஆண்டுகள் எல்லாம் நலமாகவே நடந்தன. ஐந்தாம் ஆண்டு அறுவடைக் காலத்தில் தாலியூ கிராமத்திலிருந்து ஒருவர் வந்தார். பஞ்சு வைத்த பச்சை மேல்சட்டை, தோளில் சாக்குப் பை. பெயர் தோங் குவாங்ஃபு. வாயிற்காவலர் அவரை உள்ளே விடாமல் நிறுத்தி வைத்திருக்க, தேநீர்க் குடுவைக்கு வெந்நீர் பிடிக்கக் கீழே இறங்கிய தாங்கள் அவரைக் கண்டீர்கள்.

"இந்தச் செவப்பு மையைச் செஞ்ச ஆளு இங்கதான் இருக்காங்களாமே?"

"நான்தான். என்ன விஷயம் அண்ணே?"

அவர் சாக்கைத் திறந்து இரண்டு பொருள்களைத் தரையில் வைத்தார். ஒன்று வெறும் விதைப் பை. மற்றொன்று மக்காச்சோளக் கதிர். தோகையை உரித்தால், பல் விழுந்த கிழவன் வாய்போல் அங்கொன்றும் இங்கொன்றுமாய் மணிகள்.

"தட்டை ஆள் உசரம் வளந்துச்சு டீச்சர். எங்க ஊரே பார்த்துப் பூரிச்சுப்போச்சு. கதிர் வந்தப்போதான் தெரிஞ்சுது, மணியே பிடிக்கல. நாப்பத்தோரு வீடு. கம்பெனிக்காரன் வந்து பார்த்துட்டு, இது எங்க பையே இல்ல, போலிப் பைங்கறான். வெளக்கடிச்சுப் பார்த்துத்தானேய்யா வாங்கினோம், எரிஞ்சுதேன்னா, எரிஞ்சது வேற செவப்பா இருக்கும், நீங்கதான் சரியாப் பார்க்கலங்கறான். அந்தச் செவப்பு எந்தச் செவப்புன்னு நீங்களே பார்த்துச் சொல்லிடுங்க. நான் ஊருக்குப் போயி சொல்லணும்."

தாங்கள் அவரை மேலே அழைத்துச் சென்றீர்கள். பையிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டிக் கருவியில் வைத்தீர்கள். அந்த மை உமிழும் ஒளியின் வரைபடம் திரையில் எழுந்தது. பக்கத்திலேயே நம் அசல் மையின் வரைபடத்தையும் எழுப்பினீர்கள். இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாயின. இன்னொரு துண்டு, இன்னொரு சோதனை; மீண்டும் அதே. இறுதியில் மையைக் கரைத்து, அதனுள் இருந்த சேர்மத்தின் கட்டமைப்பையும் பார்த்தீர்கள். எவரோ தங்கள் கட்டுரையைப் படித்து, அதில் சொன்னபடியே, சொன்ன அளவிலேயே, அச்சுப் பிசகாமல் மை காய்ச்சியிருந்தார்கள்.  தாங்கள் நாற்காலியில் அமர்ந்து, வெகுநேரம் எழவில்லை.

அன்றைய இயக்குநர் லுவான் தீயவர் அல்லர்; கூடத்தின் வரவு செலவைச் சுமந்தவர். விதை நிறுவனத்தார் அவரிடம் முன்னரே பேசிவிட்டிருந்தார்கள். தாலியூ மக்களின் முறையீட்டை ஏற்ற மாவட்ட விசாரணைக் குழுவின் முன் தாங்கள் சாட்சி சொல்ல வேண்டும் என்பதும் முடிவாகியிருந்தது. தங்களைத் தம் அறைக்கு அழைத்தார்.

"மெங், ஒரே ஒரு வாக்கியம் சொன்னாப் போதும். ரெண்டும் ஒண்ணுதான்னு இப்போதைக்கு உறுதியாச் சொல்ல முடியலன்னு சொல்லு. அதுல பொய் எங்க இருக்கு?"

"உறுதியாச் சொல்ல முடியும்னு கருவி சொல்லுது டைரக்டர். முடியாதுன்னு நான் எப்படிச் சொல்றது?"

"உன் மையைத் திருட முடியும்னு நீயே ஊர் அறியச் சொன்னா, நாளைக்கு அந்த மையை எவன் வாங்குவான்? ஒப்பந்தம் போச்சுன்னா மேல இருக்கிற பசங்க எங்க போவாங்க, யோசிச்சியா?"

"யோசிச்சேன்," என்றீர்கள் தாங்கள். "நேத்திலேர்ந்து அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்."

அவ்வளவே சொல்லிவிட்டு வெளியே வந்தீர்கள். 

விசாரணை மாவட்டத் தலைநகரின் கூட்டரங்கில் நடந்தது. தாலியூ மக்கள் பேருந்தில் வந்து பின்வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். நிறுவனத்தின் வழக்கறிஞர் மென்மையானவர், படித்தவர். தங்களை "பேராசிரியர் அவர்களே" என்றுதான் அழைத்தார். அசலும் போலியுமான இரண்டு பைகளையும் மேசைமேல் வைத்தார்.

"இந்தப் பையும் இந்தப் பையும் ஒண்ணா, பேராசிரியர் அவர்களே?"

"பை வேற."

பின்வரிசையில் யாரோ அழத் தொடங்கும் ஓசை கேட்டது. வழக்கறிஞர் நன்றி சொல்ல வாயெடுத்தார். தாங்கள் தொடர்ந்தீர்கள்.

"பை வேற. மை ஒண்ணு. அந்த மையை எப்படிச் செய்யறதுன்னு உலகத்துக்கே எழுதிப் போட்டது நான். அதைப் படிச்சு எவனோ அப்படியே செஞ்சிருக்கான். நல்லாவே செஞ்சிருக்கான்."

"ஆனா கவனமாப் பார்த்திருந்தா ஒரு விவசாயிக்கு வித்தியாசம் தெரிஞ்சிருக்கும், இல்லையா?"

"எனக்கே தெரியல. என்கிட்ட இருக்கிற கருவிக்கும் தெரியல. அவங்க கையில நீங்க கொடுத்தது சட்டைப் பையில வைக்கிற ஒரு விளக்கு. சிவந்தா அசல்னு பையில எழுதினது நீங்க. அவங்க நீங்க சொன்னதைச் செஞ்சாங்க. சொன்னது தப்பு. அந்தத் தப்பு அவங்களோடது இல்ல."

 தீர்ப்பு தாலியூவின் பக்கம் வந்தது. குளிர்காலத்துக்கான தானியமும் அடுத்த பருவத்துக்கான விதையும் நிறுவனம் கொடுக்க வேண்டும் என்றார்கள். நாற்பத்தொரு வீடுகளில் ஒன்றுகூட அந்தக் குளிரில் நிலத்தை விற்கவில்லை.

அதற்கான விலையைச் செலுத்தியது நம் கூடம். ஒப்பந்தம் முறிந்தது. மூன்றாம் மாடி அறைகள் வேறொரு பிரிவுக்குப் போயின. நாம் நிலவறைக்கு இறங்கினோம். அங்கே வெப்பக்குழாய்கள் தலைக்கு மேல் ஓட, ஒருபுறம் வேர்த்தும் மறுபுறம் விறைத்தும் வேலை செய்தோம். தங்களுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. மூவர் வேலை இழந்தனர். அவர்களுள் ஒருவரான ஃபாங் சியு அன்று தங்கள் மேசைமுன் நின்று கேட்டதை, அவருடைய இசைவோடு இங்கே பதிவு செய்கிறோம்.

"ஊருக்கெல்லாம் நியாயம் வாங்கிக் கொடுத்துட்டீங்க டீச்சர். எங்க சோத்துல மண்ணைப் போட்டீங்களே, அதுக்கு எந்தக் குழு முன்னாடி போய் நாங்க நிக்கறது?"

தாங்கள் "உண்மை பெரிது" என்று உரை நிகழ்த்தவில்லை. தலைகுனிந்து கேட்டுக்கொண்டீர்கள். மறுநாள் முதல் தொலைபேசியை எடுத்து, அதுவரை எவரிடமும் எதற்கும் கேட்டறியாத தாங்கள், ஷென்யாங் முதல் ஹார்பின் வரை தெரிந்தவர் அனைவரிடமும் மூவருக்காகவும் வேலை கேட்டீர்கள். மூவருக்கும் கிடைத்தது. ஃபாங் சியு தமக்கு வேலை கிடைத்த ஊரில் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு, "அந்த ஊர் ஊறுகாய்க் கோசு வாய்க்கு வெளங்கல" என்று காரணம் சொல்லி நம் நிலவறைக்கே திரும்பி வந்தார். உண்மையான காரணத்தை எவரும் கேட்கவில்லை. இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

போலி செய்ய முடியாத மை எது என்ற வினாவைத் தாங்கள் அந்த நிலவறையில் மீண்டும் எடுத்தீர்கள். யூரோப்பியத்தோடு டெர்பியம் என்னும் மற்றோர் அருமண்ணையும் சேர்த்து, ஒரு விளக்கில் சிவப்பாகவும் மற்றொரு விளக்கில் பச்சையாகவும் ஒளிரும் முத்திரை ஒன்றைச் செய்தோம். அழகான வேலை. கருவிகள் எல்லாம் அதை மெச்சின. "கருவி வாங்கப் போறதில்ல, தோங் அண்ணன்தான் வாங்கப் போறாரு" என்று சொல்லித் தாங்கள் எங்களுள் சிலரையும் கூட்டிக்கொண்டு அதைத் தாலியூவுக்கு எடுத்துச் சென்றீர்கள். தைமாதக் குளிர். தோங் வீட்டின் சூடேற்றிய மண்கட்டிலில் ஏறி அமர்ந்து, உறைந்த பேரிக்காயைக் கடித்தபடி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, விளக்கைக் காட்டினோம். அவர் மனைவி யூஜென் கை தட்டினார். தோங் மட்டும் முகவாயைத் தடவினார்.

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

"ஒண்ணா? இது செவப்பு, அது பச்சைய்யா!" என்றார் யூஜென்.

"எனக்கு எல்லாம் ஒரே பழுப்பாத்தான் தெரியுது."

"கட்டிக்கிட்டு முப்பது வருஷமாச்சு. இதைச் சொல்லவே இல்லியே நீ!"

"நீ கேக்கவே இல்லியே! கல்யாணத்தன்னிக்குச் செவப்புத் துணி போட்டிருந்தேன்னு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

வீடே சிரித்தது. தாங்கள் சிரிக்கவில்லை. "அப்போ அன்னைக்கு அந்தப் பையை எப்படிப் பார்த்து வாங்கினீங்க அண்ணே?" என்று கேட்டீர்கள்.

"எரியுதா எரியலையான்னு பார்த்தேன் டீச்சர். என்ன நெறத்துல எரியுதுன்னு எனக்கெப்படித் தெரியும்? என்னை மாதிரி ஊர்ல இன்னும் ரெண்டு மூணு பேரு இருக்கானுவ. வெக்கப்பட்டுச் சொல்ல மாட்டானுவ."

திரும்பும் வழியெல்லாம் தொடர்வண்டிச் சன்னலில் படிந்த பனியைப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். இத்தனை ஆண்டுகளாக நிறத்தை மட்டுமே நம்பி வேலை செய்திருக்கிறோம் என்றீர்கள். நிறம் தெரியாதவனுக்கும் தெரிவது எது? எரிகிறதா, இல்லையா. அது மட்டும்தான். அப்படியானால் எரிவதற்கும் எரியாததற்கும் நடுவில்தான் நாம் எழுத வேண்டும் என்றீர்கள். எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

நம் கூடத்தில் துத்தநாகச் சேர்மம் ஒன்று பல காலமாக ஒரு மூலையில் ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. அது செய்த குற்றம் ஒன்றே: விளக்கை அணைத்த பிறகும் அது உடனே அணையாது. ஒரு மூச்சு விடும் நேரம் ஒளிர்ந்துகொண்டிருந்து, அடுத்த அளவீட்டைக் கெடுக்கும். "தொல்லை" என்று அதன் புட்டியின்மேல் தாங்களே எழுதி ஒட்டியிருந்தீர்கள். தாலியூவிலிருந்து திரும்பிய மறுநாள் அந்தப் புட்டியை எடுத்து வந்து மேசை நடுவில் வைத்தீர்கள். உடனே அணையும் மையும் அணையத் தயங்கும் மையும் விளக்கொளியில் ஒன்றுபோல் தோன்ற வேண்டும்; விளக்கு அணைந்தபின் தயங்குவது மட்டும் நிற்க வேண்டும். சொல்ல எளிது. இரண்டின் ஒளியையும் கண்ணுக்கு ஒன்றாக்க மூன்று குளிர்காலங்கள் பிடித்தன.

கடைசியில் செய்தது இதுதான். பையில், கணக்கிடும் பொறியில் தெரிவதுபோல, ஒவ்வோர் எண்ணையும் ஏழு சிறு கோடுகளால் அச்சிட்டோம். விளக்கைக் காட்டினால் எல்லா எண்ணும் எட்டாகத் தெரியும். விளக்கை அணைத்தால், உடனே அணையும் கோடுகள் மறைந்து, தயங்கும் கோடுகள் மட்டும் நின்று, மெய்யான எண்ணைக் காட்டும். பைக்குப் பை எண் வேறு. அதைத் தொலைபேசியில் சொன்னால், அந்த எண் உண்டா, முன்பே யாரேனும் கேட்டுவிட்டார்களா என்று மறுமுனை சொல்லிவிடும். தாலியூவில் அதை முதலில் கையில் வாங்கியவர் தோங்.

"எட்டு, எட்டு, எட்டு, எட்டு! அடேயப்பா, இந்தப் பையில வெதச்சா நான் கோடீஸ்வரன்தான்!" என்று கூவினார்; எட்டு நம் ஊரில் செல்வத்தின் எண். தாங்கள் விளக்கை அணைத்தீர்கள். அவர் முகம் தொங்கிப்போனது. "ஐயய்யோ, ரெண்டு எடத்துல நாலு இருக்கே!"

நான்கு என்னும் சொல் நம் சீன மொழியில் சாவு என்னும் சொல்லின் ஓசை உடையது. நட்டு வளர்க்கும் பொருளின்மேல் அதை யார் விரும்புவார்? "டீச்சர், எல்லாம் நல்லாருக்கு, அந்த நாலை மட்டும் எடுத்துடுங்க" என்றார் அவர். பேராசிரியர்கள் சிலர் இதைக் கேட்டு நகைத்தார்கள். தாங்கள் நகைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத நிறத்தைப் பொருட்படுத்தியதுபோலவே மனத்துக்குப் பிடிக்காத எண்ணையும் பொருட்படுத்தினீர்கள். இன்றுவரை நம் மை ஏறிய விதைப் பைகளில் நான்கு கிடையாது.

இம்முறை மை செய்யும் விதத்தை மறைத்து வைப்பீர்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஃபாங் சியு நேராகவே கேட்டார்: "ஒரு தடவை பட்டது போதாதா டீச்சர்?" தாங்கள் அந்த ஆண்டே அதையும் முழுமையாக எழுதி வெளியிட்டீர்கள். "பூட்டு எப்படிச் செய்யறதுன்னு எல்லா ஊர்லயும் தெரியும். அதுக்காக ஒரு சாவி எல்லா வீட்டையும் திறக்குதா? செய்முறையை மறைச்சு வெச்சாத்தான் நிக்கும்னா, அது பூட்டே இல்ல. அன்னைக்கு நான் செஞ்சது பூட்டு இல்ல, அவ்வளவுதான்," என்றீர்கள். அந்தக் கட்டுரையைப் படித்துப் போலி காய்ச்சியவர்களும் உண்டு. அவர்களுக்கு மை வந்தது, எண் வரவில்லை. இப்போது மருந்துப் பெட்டிகளும் பால்மாவுத் தகரங்களும் கூட அந்த மையை அணிந்து வருகின்றன. நிலவறையிலிருந்து நாமும் மேலே வந்துவிட்டோம்.

ஆசிரியையே! தங்கள் கடுமையைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் தாங்களே பொய்ம்மடல் என்பீர்கள். கழுவாத குடுவையைக் கண்டால் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரலையும், காலை வணக்கத்துக்கு மறுமொழியாக "நேத்து அளவெடுத்தியா?" என்று கேட்கும் வழக்கத்தையும் நாங்கள் மறவோம். உழைப்பால் உயர்ந்து, ஊதியத்தால் உயராது, உள்ளத்தால் ஓங்கி நின்ற தாங்கள், குளிர்காலத்தின் மிக நீண்ட இரவு வரும் நாளில் வீட்டிலிருந்து பன்றி இறைச்சியும் புளித்த கோசும் வைத்த கொழுக்கட்டைகளைக் கொண்டுவந்து, வெந்நீர்த் தொட்டியில் வேகவைத்து, "கருவியில தெறிச்சா தோலை உரிச்சிடுவேன்" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு கிண்ணத்திலும் தங்கள் கையால் போட்டதையும் மறவோம்.

இவ்விழாவுக்குத் தோங் அண்ணனை அழைத்தோம். பயணச்சீட்டும் எடுத்து அனுப்பினோம். முன்வரிசையில் அவருக்கென ஒரு நாற்காலி இருக்கிறது. அது காலியாக இருப்பதை எல்லோரும் பார்க்கிறீர்கள். இன்று காலை தொலைபேசியில் அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டோம்:

"டீச்சர்கிட்ட சொல்லுங்க, கோவிச்சுக்க வேண்டாம்னு. விதைப்பு நேரம். மண்ணு இப்பத்தான் பதமா இருக்கு, நாளைக்கு இருக்காது. வெளக்கடிச்சேன், அணைச்சேன், எண்ணு நின்னுச்சு, போன் போட்டுக் கேட்டேன், சரின்னாங்க. பாதி வயல் முடிஞ்சுது. அன்னைக்கு நான் அங்க வந்து நின்னேன் பாருங்க, அது மாதிரி இனிமே வர வேலை இல்லாம இருக்கறதுதான் எனக்குச் சந்தோசம். ரிட்டயர் ஆனப்புறம் சும்மா உக்காந்திருந்தா இங்க வரச் சொல்லுங்க, மீதிப் பாதிக்கு ஆள் பத்தல."

எத்தனையோ பதக்கங்களும் பட்டயங்களும் இம்மேடையில் தங்களுக்கு வழங்கப்பட்டன. அந்தக் காலி நாற்காலியைக் காட்டிலும் பெரிய பட்டம் ஒன்று இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை.

அம்மையீர்! சொங்குவா ஆறு உறைந்து உறைந்து உருகும் ஆண்டுகள் பலவற்றை உடல்நலம் குன்றாது காண்பீர்களாக! தங்கள் கண்ணொளி மங்காதிருக்கட்டும். முழங்கால் வலி தணியட்டும். கோபம் மட்டும் சற்றே குறையட்டும். தாலியூவுக்குச் செல்லும் பேருந்து இன்று பிற்பகலிலும் ஒன்று உண்டு. மண்ணின் பதம் நாளைக்கு இருக்காதாம். தாங்கள் இன்றே கிளம்பினாலும் நாங்கள் வருந்த மாட்டோம்.

என்றும் தங்கள் அன்புக்கும் அதட்டலுக்கும் உரிய,
ஒளிரும் சேர்மங்கள் ஆய்வுக்கூடத்துப் பணியாளர்கள் அனைவரும்
சாங்சுன், மே மாதம், விதைப்புப் பருவம்